கடல் கடந்து செல்லும் குடும்பத்தின் கணக்கு



இங்கிலாந்துக்குக் குடிபெயர ஆயத்தமாகும் நம் நாட்டுக் குடும்பங்களில் முதலிற் போடப்படும் கணக்கு ஒன்றே. அங்கே கிடைக்கவிருக்கும் சம்பளத்தை ரூபாவாக மாற்றிப் பார்ப்பது. அக்கணக்கிற் பிழையில்லை; ஆனால் அது பாதிக் கணக்கு. வரவை இங்கிலாந்தில் வைத்தும் செலவை யாழ்ப்பாணத்தில் வைத்தும் மதிப்பிடுவதனாலேயே பின்னர் இடர் விளைகின்றது.

முதற் செலவு விமானம் ஏறுமுன்னரே வந்துவிடும். வேலை விசாவிற் செல்வோர், விசாக் கட்டணத்துக்குப் புறம்பாக, அந்நாட்டுச் சுகாதார சேவைக்கென மேலதிகக் கட்டணமும் செலுத்தல் வேண்டும். 2024 பெப்ரவரியில் இது வளர்ந்தவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுணாகவும், பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு 776 பவுணாகவும் உயர்த்தப்பட்டது. தாய், தந்தை, இரு பிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்கு இவ்வீதப்படி ஆண்டுக்கு 3,622 பவுண். மூன்றாண்டு விசாவாயின் 10,866 பவுண். தவணை முறை இல்லை. முழுத் தொகையையும் விண்ணப்பத்துடன் கட்டியாக வேண்டும். சுகாதாரத் துறைக்கென உள்ள விசாவிற் செல்லும் வைத்தியரும் தாதியரும் இதனின்று விலக்குப் பெற்றவர்கள். ஏனையோரிற் பலர் நகையை அடகு வைக்கின்றனர். காணியை ஈடு வைக்கின்றனர். அந்த வட்டியும் குடும்பத்துடன் விமானம் ஏறுகின்றது.

அங்கு சென்றபின் வாடகை வீடு. ஐந்து வார வாடகை வரை முற்பணமாகப் பெற 2019ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான வீடுகளுக்கு இடமளிக்கின்றது. முதல் மாத வாடகை வேறு. இங்கே ஆதன வரி வீட்டுச் சொந்தக்காரரின் கவலை. அங்கோ உள்ளூராட்சி வரியைக் குடியிருப்பவரே கட்டுதல் வழக்கம். கடிதம் வந்து சேரும்போதுதான் பலரும் இதனை அறிகின்றனர்.

அரிசி, பருப்பு, கோழியிறைச்சி ஆகியவற்றின் விலையை எண்ணி அஞ்சுவோர் சற்று வீணாகவே அஞ்சுகின்றனர். சம்பளத்தை விழுங்குவது அடுப்படியன்று. (முருங்கைக்காய் வாங்கும் ஆசை மட்டும் விலக்கு!) ஊரிலே விலையில்லாதிருந்தவை அங்கே விலை பெறுவதே பெருஞ்செலவு. கிணற்று நீருக்குப் பணமில்லை, வெயிலுக்குப் பணமில்லை. அங்கே நீருக்கும் கட்டணம். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயுவுக்கும் கட்டணம். எல்லாவற்றிலும் மேலாக, பள்ளிப் பருவம் எய்தாத பிள்ளையைப் பகல் முழுதும் மடியில் வைத்திருந்த அம்மம்மா அங்கே இல்லை. அரச பாடசாலையிற் கல்வி இலவசம். சிறுவர்க்கு மருந்தும் இலவசம். ஆயின் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தின் கட்டணம் ஒருவருடைய சம்பளத்தில் பெரும்பங்கைக் கேட்கும். இதனாற் கணவன் பகலிலும் மனைவி இரவிலும் வேலை செய்து, வாசற்படியிற் பிள்ளையைக் கைமாற்றிக்கொள்ளும் வீடுகள் உண்டு.

ஒருவர் முன்னே சென்று, ஓர் அறையிலே தங்கி, வீட்டு முற்பணத்தைச் சேர்த்தபின் குடும்பத்தை அழைப்பதும் ஒரு வழி. பிந்திச் செல்வோரின் விசாக் காலம் குறையுமாயின் சுகாதாரக் கட்டணமும் அதற்கேற்பக் குறையும். கடனும் அவ்வளவுக்குச் சிறுக்கும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை, ஆறு வயதாகும் வரை, தந்தையைத் தொலைபேசித் திரையில் மாத்திரமே காணும்.