நெடுவழிக்கு ஊன்றுகோல்

தைப்பூசத்திற்கு முந்திய நாள்களில், திண்டுக்கல்லிலிருந்து பழனி வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள சாலையில் மக்கள் திரள் திரளாய் நடந்து செல்வர். செட்டிநாட்டிலிருந்து காவடியுடன் நத்தம் வழியாக வரும் நகரத்தாரும் அத்திரளில் கலப்பர். அவர்கள் காணச் செல்லும் இறைவனோ தண்டாயுதபாணி. கையில் கோல் ஏந்தியவன். அடியாருள் பலர் கையில்தான் நல்ல கோல் இல்லை.

என் ஊர் தாடிக்கொம்பு. பெயரிலேயே கொம்பு இருப்பதால் கோலைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நண்பர் ஒருவர் நகையாடினார். உரிமை இருக்கட்டும், செய்திக்கு வருவோம்.

வழுக்கு நிலத்தில் உதவும் ஊன்றுகோலை வள்ளுவர் உவமையாக ஆண்டார். நெடுவழி நடப்பவருக்கு நிலம் வழுக்காவிடினும் முழங்கால் தளர்கிறது. ஏறுவதைக் காட்டிலும் இறங்கும்போதே மூட்டின்மேல் பளு மிகுகிறது. அப்பளுவில் ஒரு பங்கைத் தோளும் கையும் ஏற்கச் செய்வதே கோலின் பணி. ஆகவே, உடலின் பளுவைச் சாய்க்கும் நொடியில் முறியும் கோல், கோலின்றி நடப்பதினும் தீங்கானது.

மூங்கிலாயின், சிலம்பக் கழிக்கு ஆகும் கல்மூங்கிலே ஏற்றது. அதன் உட்புழை மிகச் சிறியது. நன்கு உலர்ந்ததாகவும், கீறலோ உளுத்த மாவோ இல்லாததாகவும் இருத்தல் வேண்டும். கடையில் விற்கும் நீட்டி மடக்கும் கோல்களில், கார்பன் இழைக்கோல் எடை குறைந்தது; ஆனால் பக்கவாட்டில் அடிபட்டால் சட்டென முறியக்கூடும். அலுமினியம் பெரும்பாலும் வளையும். வளைந்த கோலை ஊன்றியேனும் அடுத்த ஊரை அடையலாம். எனக்கு அலுமினியமே உவப்பு. திருகிப் பூட்டும் வகையில் புழுதி புகுந்து பிடி நழுவுவதுண்டு. வெளியே நெம்புகோல் அமைந்த பூட்டினைக் கண்ணாற் பார்த்தே இறுக்கலாம். வாங்குமுன் கோலை நீட்டிப் பூட்டி, முழுப் பளுவையும் அதன்மேல் அழுத்துங்கள். ஒரு விரற்கடை உள்ளிறங்கினாலும் அது வேண்டா.

நிமிர்ந்து நின்று ஊன்றும்போது முழங்கை ஏறக்குறையச் செங்கோணமாய் மடங்குவதே சரியான உயரம். இறக்கத்தில் சற்று நீட்டிக்கொள்க. மண்ணுக்கும் பாறைக்கும் உலோக முனை நன்று. தார்ச்சாலையில் அது சறுக்கும், கையையும் அதிர வைக்கும். அங்கு ரப்பர் குமிழ் மாட்டுக. அது தேய்ந்து உலோகம் தெரிந்தால் உடனே மாற்றுக.

இன்னும் ஒன்று. வெயிலுக்கு அஞ்சிப் பலர் இரவிலேயே நடக்கின்றனர். விளக்கொளியைத் திருப்பி அனுப்பும் பட்டை ஒன்றைக் கோலின் கீழ்ப்பாதியில் சுற்றிவிடுங்கள். நடையில் அது ஓயாது அசைவதால், பின்னே வரும் வண்டியோட்டியின் கண்ணில் விரைவில் படும்.