நோயின் பெயரால் நீதியை எரிக்கலாமா?

(வேலணையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)

    

2020ஆம் ஆண்டு தொடங்கி உலகை ஆட்டிப்படைத்த கொரோனா நோயின் வைத்தியத்தைப் பற்றிப் பேச நாம் இங்கு வரவில்லை. அந்நோய்க்காலத்தில் இனவெறியை எதிர்த்து எழுந்த கிளர்ச்சிகளைக் கண்டு பொதுமக்கள் என்ன சொன்னார்கள், சொன்னது நியாயந்தானா என்பதை ஆராயவே வந்துள்ளோம். நோய் தணிந்துவிட்டது. ஆனால் அன்று பேசப்பட்ட வாதம் தணியவில்லை. நாளை வேறொரு நோய் வந்தாலும், “இது உரிமை கேட்கும் நேரமா?” என்ற அதே கேள்வி எம்மை நோக்கி வரும். அதற்கு விடை இன்றே எம் கையில் இருத்தல் வேண்டும்.

அமெரிக்காவில் எழுந்த கேள்வி

2020 மே 25ஆந் திகதி, மினியாப்பொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொயிட் என்னும் கறுப்பினத்தவரின் கழுத்தைப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் ஒன்பது நிமிடங்களுக்கும் மேலாக முழங்காலால் அழுத்திக் கொன்றார். நாடெங்கும் மக்கள் வீதிக்கு வந்தனர். உடனே இரு குரல்கள் எழுந்தன. “கிருமி பரவும் வேளையில் கூட்டமா?” என்றது ஒரு குரல். “இனவெறியும் உயிர்கொல்லி நோயே” என்றது மற்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுகாதாரத் துறையினர், முகக்கவசம் அணிந்து இடைவெளி பேணிப் போராடுங்கள் என்று பகிரங்கக் கடிதத்தில் கையொப்பமிட்டனர். “ஊரடங்கை எதிர்த்தவர்கள் கூடியபோது கண்டித்தீர்களே, இப்போது வாழ்த்துகிறீர்களே!” என்று அவர்களைப் பலர் கடிந்தனர்.

இக்கண்டனத்தை நாம் தட்டிக்கழிக்கவில்லை. கிருமிக்குக் கட்சியுமில்லை, கொள்கையுமில்லை. ஆகவே கேள்வியை இரண்டாகப் பிரித்தல் வேண்டும். கேட்கப்படும் கோரிக்கை நீதியானதா என்பது ஒன்று. கேட்கும் முறை பிறருக்குத் தீங்கு செய்யாததா என்பது மற்றொன்று. முறையிற் குற்றம் இருந்தால் முறையைத் திருத்துக. அதைச் சாட்டாக வைத்துக் கோரிக்கையின் கழுத்தை நெரிப்பது நியாயமாகாது.

கொழும்பில் நடந்தது என்ன? 2020 ஜூன் 9ஆந் திகதி, அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு அனுதாபம் தெரிவிக்க முன்னிலை சோஷலிசக் கட்சியினர் கூடினர். பொலிசார் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கைதுசெய்து வாகனங்களில் தள்ளி ஏற்றினர். காரணம் கேட்டால் சுகாதாரம் என்றனர். இரு மாதங் கழியுமுன், ஆகஸ்ட் 5ஆந் திகதி, பொதுத்தேர்தல் நடந்தது. அதற்கு முன்னர் ஊர்தோறும் தேர்தற் கூட்டங்களும் நடந்தன. வாக்குக் கேட்கும் வாயிலிருந்து பரவாத கிருமி நீதி கேட்கும் வாயிலிருந்து மட்டும் பரவுமோ?

எம் நாட்டு அநீதி

அமெரிக்காவை விட்டு எம் வாசலுக்கு வருவோம். 2020 ஏப்ரல் 11ஆந் திகதி வெளியான வர்த்தமானி, கொரோனாவால் இறந்தோர் அனைவரையும் எரித்தே ஆகவேண்டும் என்று விதித்தது. புதைக்கலாம், அல்லது எரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்னரே, மார்ச் மாதத்தில், கூறியிருந்தது. இஸ்லாமியருக்கு நல்லடக்கம் மார்க்கக் கடமை. கிறிஸ்தவரிலும் பெரும்பாலோர் தம்மவரைப் புதைப்பவர். சைவர்களாகிய நாமுங்கூடப் பச்சிளங் குழந்தையை எரிப்பதில்லை, மண்ணுக்கே கொடுக்கிறோம். அப்படியிருக்க, அவ்வாண்டு டிசம்பர் 9ஆந் திகதி, பிறந்து இருபதே நாளான முஸ்லிம் குழந்தையொன்று பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வாயிற் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். அவர்கள் கோஷமிடவில்லை, கல்லெறியவில்லை. ஒரு முழத் துணியே அவர்கள் ஆயுதம். அதையும் இரவோடிரவாக அகற்றினார்கள்.

அதே வாரத்திலேதான் கேகாலையில், நோயைத் தீர்க்கும் என்று சொல்லப்பட்ட ஒரு பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். சுகாதார அமைச்சரே அப்பாணியைப் பருகிக் காட்டினார். அந்தக் கூட்டம் பொறுக்கப்பட்டது. ஒரு துண்டு வெள்ளைத்துணி பொறுக்கப்படவில்லை. சுகாதாரச் சட்டம் யாரைச் சுட்டது, யாரை விட்டது என்பதற்கு இதனினும் சாட்சியம் வேண்டுமா?

கிணறு அறிந்தவர்களிடம் ஒரு கேள்வி

எரிப்பதற்குச் சொல்லப்பட்ட காரணம் நிலத்தடி நீர் கெடும் என்பது. இத்தீவகத்து விவசாயிகளிடம் அக்காரணத்தை வைக்கிறோம். உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கும் நன்னீரை இறைத்துப் புகையிலை வளர்த்தவர்கள் நீங்கள். கிணற்றைக் கெடுப்பது எது என்பது உங்களுக்குத் தெரியும். அளவுக்கு மிஞ்சி நீரிறைத்தால் உப்பு மேலே வரும். மலக்குழி அருகிலிருந்தால் நீர் கெடும். உரமும் மருந்தும் மிஞ்சினால் கெடும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததையும் கண்டோம். இவற்றுக்கெல்லாம் இரவோடிரவாக வர்த்தமானி வந்ததா? இல்லை. ஆழமாகத் தோண்டி, நீர்மட்டத்துக்கு மேலாக அடக்கினால் ஆபத்தில்லை என்ற ஆலோசனையைக் கேட்கவும் ஆளில்லை. சமுதாய வைத்திய நிபுணர் கல்லூரியும் இலங்கை வைத்திய சங்கமும் 2020 கடைசியிலும் 2021 தொடக்கத்திலும் புதைப்பதற்குத் தடை வேண்டியதில்லை என்றன. அதன் பின்னரும் இரு மாதங்கள் உடல்கள் எரிந்தன.

நீதிமன்றம் என்ன செய்தது? எரிப்புக்கு எதிரான அடிப்படை உரிமை மனுக்களை, 2020 டிசம்பர் 1ஆந் திகதி, உயர் நீதிமன்றம் பெரும்பான்மை முடிவால், காரணம் கூறாமலே, தொடர அனுமதி மறுத்துத் தள்ளியது. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. பொதுச் சுகாதாரத்தின் பொருட்டு அதைச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்று 15ஆம் உறுப்புரை சொல்கிறது. மட்டுப்படுத்தலாம் என்றால் ஆளுக்கொரு நீதி செய்யலாம் என்பது பொருளன்று. 12ஆம் உறுப்புரையின் சமத்துவம் நோய்க்காலத்திலும் உறங்குவதில்லை. ஆனால் ஆட்சியாளர் கையிலிருந்தது 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்க் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் ஆட்சியில் பிறந்த சட்டம் அது. 2021 ஜூலையில் கொழும்பில் கூடிய ஆசிரியர் சங்கத் தலைவர்களுக்கு நீதவான் பிணை கொடுத்த பின்னரும், தனிமைப்படுத்தல் என்ற பெயரில் அவர்களைக் கேப்பாப்பிலவு விமானப்படை முகாம்வரை கொண்டுபோனார்கள் என்றால் அச்சட்டத்தின் வீச்சை அறிக.

எம்மவர் சொன்னவை

2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை, பொத்துவிலிலிருந்து பொலிகண்டிவரை மக்கள் நடந்தார்கள். காணி பறிப்பு, காணாமலாக்கப்பட்டோர், அரசியற் கைதிகள், தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாச் சம்பளம் ஆகியவற்றோடு ஜனாஸா எரிப்பும் அக்கோரிக்கைகளில் ஒன்று. பொலிசார் தடைக் கட்டளைகளைக் காட்டினர். மக்கள் நிற்கவில்லை. கிழக்கில் முஸ்லிம் மக்கள் வழிநெடுக வந்து கலந்தனர்.

அப்போது எம் ஊர்களிலும் முணுமுணுப்பு எழுந்தது. “நோய்க்காலத்தில் ஊர்வலம் எதற்கு?” என்றனர் சிலர். அது கேட்கத்தக்க கேள்வியே. முகக்கவசமும் இடைவெளியும் வேண்டும் என்பதே அதற்கு விடை. “அவர்களுடைய பிணத்துக்கு நாம் ஏன் நடக்கவேண்டும்?” என்றனர் வேறு சிலர். இது சுகாதாரக் கேள்வியன்று. உள்ளே கிடந்த வேற்றுமை சுகாதார அங்கி போர்த்து வெளியே வந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் எங்கள் அயலவர்கள். அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் இத்தீவகத்து மக்களும் மூட்டை கட்டி ஓடினர். வீட்டுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு பிற ஊரில் வாடுவது எத்தகையது என்பதை அறிந்த வேலணை, பிறர் துன்பத்தை அவர்களுடையது என்று ஒதுக்கலாமா?

இன்னொன்றும் சொல்வோம். மினியாப்பொலிஸ் கறுப்பினத்தவருக்காகக் கைத்தொலைபேசியில் கண்ணீர் வடித்த எம்மவருட் சிலர், சொந்த ஊரில் சாதியால் ஒதுக்கப்பட்டவன் உரிமை கேட்டால் முகஞ் சுளிக்கின்றனர். 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிற் கதவு திறக்கக் கேட்டவர்களுக்கும் “இது நேரமல்ல” என்றுதான் சொல்லப்பட்டது. நீதி கேட்பவனுக்கு நல்ல நேரம் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் குறித்திருக்கக் காணோம்.

இரணைதீவு காட்டிய வழி

2021 பெப்ரவரி 25ஆந் திகதி, பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்துசென்ற கையோடு, புதைப்பதற்கு அனுமதி வர்த்தமானியில் வந்தது. இடம் எது? இரணைதீவு என்றார்கள்! 1992இல் இடம்பெயர்ந்து, 2018இல் தாமே படகேறித் தம் மண்ணில் இறங்கிய ஏழை மீனவரின் தீவு அது. அம்மக்கள் தெருவுக்கு வந்தார்கள். புதைப்பதை எதிர்க்கவில்லை, இரு சமூகங்களை மோதவிடும் தந்திரத்தையே எதிர்க்கிறோம் என்றார்கள். முஸ்லிம் மக்களும் அதையே சொன்னார்கள். இறுதியில் மார்ச் 5ஆந் திகதி ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். அரசு பிரித்த இடத்தில் மீனவர் இணைந்து நின்றனர். படித்தவர்கள் அவர்களிடம் பாடங் கேட்கலாம்.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று கணக்கும் சொன்னது. மன்னிப்பு நல்லதே. ஆனால் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டவுடன் வழக்கு முடிந்துவிடுவதில்லை. தீர்ப்பும் பரிகாரமும் வேண்டும். இவ்விதியை எழுதியவர் யார், எந்த ஆதாரத்தில் எழுதினார் என்பது பகிரங்கமாக விசாரிக்கப்படவேண்டும். இழந்த குடும்பங்களுக்கு இழப்பீடு வேண்டும். நோய்க்காலக் கட்டுப்பாடு எதுவாயினும் காரணம் எழுதப்பட்டதாக, கால எல்லை உடையதாக, நீதிமன்றம் ஆராயத்தக்கதாக இருக்கும் வண்ணம் 1897ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றப்படவேண்டும்.

சட்டத்தை மாற்றப் பாராளுமன்றம் வேண்டும். மனத்தை மாற்ற வேலணையே போதும். அடுத்த முறை எவராவது நீதி கேட்டு வீதியில் நின்றால், அவர் எம்மவரா என்று முதலிற் கேளாதீர்கள். அவர் கேட்பது நியாயமா என்று கேளுங்கள். நியாயமாயின் முகக்கவசத்தை அணிந்துகொண்டு அவர் அருகில், இரண்டு முழம் தள்ளி, நின்றுகொள்ளுங்கள்.