ஆசிரியர் மாணவராகும் கோடை



கோடை விடுமுறை என்றவுடன் பிள்ளைகளுக்கான முகாம்கள்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. நீச்சல், சதுரங்கம், ஓவியம் என்ற வரிசையில் இன்று கணினி நிரல் எழுதுதலும் ரோபோ செய்தலும் சேர்ந்துவிட்டன. ஆனால் அதே கோடையில், அதே கணினி அறிவியலையும் ரோபோவியலையும் கற்பதற்காகப் பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களாக அமரும் பயிற்சி வகுப்புகளும் உண்டு. அவற்றைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பிள்ளைகளின் முகாமைவிட இந்த வகுப்பே இன்றியமையாதது என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் கல்வியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு முறைவைப்பைக் கையாள்கிறார். முதலில் நூல், அடுத்து ஆசிரியர், அதன்பின் பாடம் சொல்லும் முறை. மாணாக்கர் அதற்குப் பின்னரே வருகிறார். கற்பிப்பவர் ஆயத்தமாகாமல் கற்பவரை அழைத்து அமர்த்துவதில் பயனில்லை என்பதை இந்த வரிசையே உணர்த்துகிறது. கணினிக் கல்வியில் நாம் பல முறை தவறவிட்டது இந்த வரிசையைத்தான். இயந்திரத்தை முதலில் வாங்கினோம். மாணவரை அதன்முன் அமர்த்தினோம். ஆசிரியரைக் கடைசியில் நினைத்துக்கொண்டோம்.

1984ஆம் ஆண்டில் இந்திய அரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு, பிரிட்டனில் உருவான பிபிசி மைக்ரோ என்னும் கணினிகளை வழங்கத் தொடங்கியது. நல்ல நோக்கம்தான். ஆயினும் இத்தகைய திட்டங்களில் பள்ளிக்கு ஓரிருவர் மட்டுமே பயிற்சி பெறுவர். அவர் மாற்றலாகிச் சென்றாலோ ஓய்வு பெற்றாலோ, அறையின் சாவி தலைமையாசிரியரின் மேசைக்குள் போய்விடும். பழுதாகிவிடுமோ, கணக்குக் காட்ட வேண்டுமோ என்ற அச்சத்தில் இயந்திரம் உறை மாட்டப்பட்டுக் கிடக்கும். பூட்டிய கணினி அறை எந்த ஊருக்கும் புதிய காட்சியன்று. 2016இல் தொடங்கிய அடல் ஆய்வகத் திட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி ஒவ்வொன்றுக்கும் 20 இலட்ச ரூபாய் வரை வழங்க முன்வந்தது. அத்தனை பெரிய தொகையையும் பயனுள்ளதாக்குவது, அந்த அறையின் கதவை அச்சமின்றித் திறக்கும் ஓர் ஆசிரியரே.

அந்த அச்சம் எப்படி நீங்கும்? பயிற்சி வகுப்பில் நிகழ்வதைச் சற்று உள்ளே சென்று காண்போம்.

1967இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபொயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்காக 'லோகோ' என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். அதில் 'ஆமை' என்று ஒன்று உண்டு. 'நூறு அடி முன்னே செல், தொண்ணூறு பாகை வலப்புறம் திரும்பு' என்பதை நான்கு முறை சொன்னால் அந்த ஆமை ஒரு சதுரத்தை வரையும். அடுத்து, சமபக்க முக்கோணம் வரையச் சொன்னால் என்னவாகும்? இருபது ஆண்டுகள் கணிதம் கற்பித்த ஆசிரியர் தயக்கமின்றி அறுபது பாகை என்றே எழுதுவார். முக்கோணத்தின் கோணம் அறுபதுதானே! ஆனால் திரையில் முக்கோணம் வராது. அறுகோணத்தில் பாதிதான் வரும். காரணம், ஆமை திரும்புவது உட்கோணத்தின் அளவு அன்று, புறக்கோணத்தின் அளவு. நூற்றிருபது பாகை திரும்பினால்தான் முக்கோணம் மூடும். எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிய புறக்கோணத்தை, அந்த ஆசிரியர் அன்றுதான் தம் உடம்பால் நடந்து உணர்கிறார். வகுப்பில் ஒரு சிறுமி அறுபது என்று எழுதும்போது, இனி அவர் அவளைக் கடிந்துகொள்ளமாட்டார்.

கணினி இல்லாமலே கணினி அறிவியல் கற்பிக்கும் முறையும் இவ்வகுப்புகளில் இடம்பெறுவதுண்டு. நியூசிலாந்தின் டிம் பெல் முதலியோர் வளர்த்த முறை அது. ஐந்து ஆசிரியர்கள் வரிசையாக நிற்பர். அவர்கள் கையிலுள்ள அட்டைகளில் முறையே 16, 8, 4, 2, 1 என்ற எண்ணிக்கையில் புள்ளிகள் இருக்கும். 'பத்தொன்பது' என்று குரல் கொடுத்தால், பதினாறும் இரண்டும் ஒன்றும் உடையவர்கள் அட்டையைக் காட்ட வேண்டும். மற்ற இருவரும் மறைக்க வேண்டும். காட்டியதற்கு ஒன்று, மறைத்ததற்குச் சுழியம் என்று எழுதினால் 10011. கணினிக்குள் எண்கள் வாழும் வடிவம் இதுவே. மின்சாரம் தடைப்படும் சிற்றூர்ப் பள்ளியிலும் ஐந்து அட்டைகளுக்குப் பஞ்சமில்லை.

அடுத்து ரோபோ. கைக்கடக்கமான ஒரு மின்பலகை, இரண்டு சக்கரங்கள், எதிரே உள்ள தடையை அறியும் ஓர் ஒலி உணரி. இந்த உணரி நொடிக்கு நாற்பதாயிரம் அதிர்வுகள் கொண்ட ஒலியை அனுப்பும். மனிதச் செவிக்கு எட்டும் எல்லை ஏறத்தாழ இருபதாயிரம் என்பதால் நமக்கு அது கேட்பதில்லை. ஒலி சுவரில் பட்டுத் திரும்பிவர ஆகும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிட வேண்டும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். நேரத்தை வேகத்தால் பெருக்கினால் போதும் என்று எண்ணி நிரல் எழுதினால், வண்டி சுவரில் மோதி நிற்கும். ஒலி போய்வந்த வழி இரு மடங்கு. பாதியாக்க மறந்தால், அருகிலுள்ள சுவர் தொலைவில் இருப்பதாக வண்டி நம்பிவிடும். அறிவியல் ஆசிரியர் எதிரொலிப் பாடத்தில் ஆண்டுதோறும் சொன்ன அதே 'இரண்டால் வகுக்க' என்னும் விதி இங்கே சக்கரத்தோடு உருண்டு வந்து அவர் முன் நிற்கிறது.

இவற்றின் உண்மையான பயன் நிரல்மொழியைக் கற்பது மட்டுமன்று. மொழிகள் மாறும், பலகைகள் மாறும். பிழை என்பது தலைகுனிவு அன்று, அடுத்த படி என்பதைத் தம் சக ஆசிரியர்கள் முன்னிலையில் பிழை செய்தே ஆசிரியர் உணர்கிறாரே, அதுவே பயன். 'எனக்கும் தெரியாது, சேர்ந்து பார்ப்போம்' என்று மாணவரிடம் சொல்லும் துணிவு புத்தகத்திலிருந்து வருவதன்று. ஒருமுறையேனும் மாணவராக அமர்ந்தவருக்கே அது வாய்க்கும்.

இதை மாநில அளவில் செய்துகாட்டியவர்கள் நம் அண்டை மாநிலத்தவர். கேரளத்தில் 2001இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் பின்னர் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. கட்டற்ற மென்பொருளை அவர்கள் தேர்ந்ததால், பள்ளிகளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆசிரியர் தம் வீட்டுக் கணினியிலும் அதே மென்பொருளை வைத்துப் பழகலாம். 2024ஆம் ஆண்டு மே மாதம், 80,000 ஆசிரியர்களை இலக்காகக் கொண்டு, செயற்கை நுண்ணறிவில் மூன்று நாள் செய்முறைப் பயிற்சியை அங்கே தொடங்கினர். 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் ரோபோவியல் பாடமாயிற்று. ஆசிரியர் பயிற்சி என்னும் அடித்தளம் பல ஆண்டுகளாக இடப்பட்டிருந்ததால்தான், விருப்பமுள்ள சிலருக்கென்று நின்றுவிடாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதைக் கொண்டுசெல்ல அவர்கள் முனைய முடிந்தது.

ஏன் கோடையில்? பள்ளி நடைபெறும் நாள்களில் ஆசிரியருக்குப் பாடவேளை, விடைத்தாள், பதிவேடு, கூட்டம் என்று நேரம் கரைந்துவிடுகிறது. இயந்திரத்தோடு பழக, இடையறாத சில நாள்கள் வேண்டும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில்சார் பயிற்சி பெறவேண்டும் என்கிறது. அந்த ஐம்பதில் பெரும்பகுதிக்குக் கோடையே இடம் தரும்.

ஆனால் இதில் ஒரு நியாயமும் இருக்கிறது; அதை மறைத்தல் அறமன்று. கோடை விடுமுறை ஆசிரியரின் ஓய்வு. ஆசிரியைகளுக்கோ, வீட்டுப் பொறுப்புகளைத் தீர்க்கக் கிடைக்கும் ஒரே காலம். அதில் ஒரு வாரத்தைக் கேட்பவர்கள், ஈடான விடுப்பையும், பயணச் செலவையும், குழந்தையுடன் வரும் தாய்க்கு வசதியையும் அளிக்கக் கடமைப்பட்டவர்கள். நாள் முழுதும் ஒருவர் மேடையில் பேச, நூறு பேர் குறிப்பெடுக்கும் கூட்டத்தைப் பயிற்சி என்று அழைப்பதும் தகாது. இருவருக்கு ஒரு பலகையேனும் கையில் இருக்கவேண்டும். பள்ளி திறந்தபின் ஐயம் கேட்க ஒருவர் இருக்கவேண்டும். இவ்விரண்டும் இல்லையேல், மே மாதத்தில் கற்றது ஆடி பிறக்குமுன் மறந்துபோகும்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கட்டணம் செலுத்தித் தனியார் முகாமில் ரோபோவைத் தொட்டுவிடும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பைத் தரக்கூடியவர் அதன் ஆசிரியர் ஒருவரே. ஒரு முகாமுக்குப் பணம் தந்தால் ஒரு பிள்ளை ஒரு கோடையில் கற்கும். ஓர் ஆசிரியருக்குப் பயிற்சி கிடைத்தால், ஆண்டுக்கு நாற்பது பேர் என்று கொண்டாலும், இருபது ஆண்டுப் பணிக்காலத்தில் எண்ணூறு பிள்ளைகள் கற்பர். கல்விக்கு ஈவதை மேலான ஈகையாகக் கருதும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கைக் கூடுதலாக விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, பெரியோர்களே, பள்ளிக்குக் கணினி வழங்க எண்ணும்போது, அத்தொகையில் ஒரு பங்கை ஆசிரியரின் பயிற்சிக்கென ஒதுக்குங்கள். உங்கள் இல்லத்திலேயே ஆசிரியர் இருந்தால், அவர் ஒரு வாரம் மாணவராக இருக்க வழிவிடுங்கள். அவ்வாரம் அடுப்படியையும் பிள்ளைகளையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கணினி கற்ற இளைஞர்களே, விடுமுறையில் ஊருக்கு வரும்போது நீங்கள் படித்த பள்ளிக்கு ஒருநாள் செல்லுங்கள். உங்களுக்கு எழுத்தறிவித்தவரின் அருகில் அமர்ந்து, பூட்டிய அறையைத் திறக்கத் துணைநில்லுங்கள். அன்று அவர் மாணவர், நீங்கள் ஆசிரியர். மறுநாள் முதல் மீண்டும் அவரே ஆசிரியர்.