நோயாளி சொன்னது சந்தைக்குப் போகலாமா?

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்துவடிவம்)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பது வழக்கம். நான் இன்று இணைய விளம்பரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது கணினிப் பொறியியலாளருக்குரிய விடயமல்லவா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இப்போது பல பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி முதலில் சொல்வது வைத்தியரிடமல்ல, கைத்தொலைபேசியிடம். மாதவிடாய் பிந்தினால் அதில் குறித்துவைக்கிறார்கள். மார்பில் ஒரு கட்டி தென்பட்டால் இரவு பன்னிரண்டு மணிக்கு அதில் தேடுகிறார்கள். என்னிடம் வருவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே அது எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறது. கேட்டதை அது என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி.

வைத்தியரின் அறையில் சொல்லப்படுவது அந்த அறையைவிட்டு வெளியே போகக்கூடாது. மருத்துவ பீடத்தில் நாங்கள் ஆரம்பத்திலேயே கற்கும் பாடம் இது. 1948 ஆம் ஆண்டு உலக மருத்துவச் சங்கம் ஜெனீவாப் பிரகடனத்தில் இதை ஓர் உறுதிமொழியாகவே எழுதிவைத்தது. நோயாளியின் சம்மதம் இல்லாமல் கணவனுக்கோ மாமியாருக்கோகூட நாங்கள் சொல்வதில்லை. இந்த நம்பிக்கை இல்லையென்றால் நோயாளி உண்மையைச் சொல்லமாட்டார். உண்மை தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது. அதே உண்மை கைத்தொலைபேசியில் சொல்லப்படும்போது மட்டும் ஏன் விற்பனைப் பொருளாக வேண்டும்?

முதலில், இது எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்திரிகையில் வரும் விளம்பரம் அதை வாசிக்கும் எல்லோருக்கும் ஒன்றுதான். இணையத்தில் அப்படியல்ல. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, அது திரையில் விரிந்து முடிவதற்குள், அங்குள்ள விளம்பர இடம் ஏலத்தில் விடப்படுகிறது. ஏலம் கேட்பவர் இடத்துக்கு மட்டும் விலை சொல்வதில்லை. அதைப் பார்க்கப்போகும் ஆள் யார் என்பதற்கும் சேர்த்தே சொல்கிறார்.

அந்த ஆளைப் பற்றி அறிய இரண்டு முக்கியமான வழிகள் உண்டு. ஒன்று, பிக்சல் என்று சொல்லப்படும் சிறு நிரல். ஓர் இணையத்தளத்தில் அதைப் பொருத்திவிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் இருந்துகொண்டு, இந்தக் கைத்தொலைபேசியிலிருந்து வந்தவர் இந்தப் பக்கத்தைப் பார்த்தார், இந்தப் பொத்தானை அழுத்தினார் என்று விளம்பர நிறுவனத்துக்கு அறிவிக்கும். அந்தப் பக்கம் பிள்ளைப்பேறின்மைக்கான சிகிச்சைக்கு நேரம் பதிவுசெய்யும் பக்கமாக இருந்தால், அறிவிக்கப்படுவதும் அதுதான். மற்றது, பட்டியல் ஏற்றுதல். ஒரு வியாபாரி தன்னிடமுள்ள தொலைபேசி இலக்கங்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் ஏற்றினால், பேஸ்புக் போன்ற நிறுவனங்கள் அவற்றைத் தம்மிடமுள்ள கணக்குகளோடு பொருத்திப் பார்த்து, அதே ஆட்களுக்கு விளம்பரத்தைக் காட்டும். அவர்களைப் போன்ற வேறு ஆட்களையும் தேடித்தரும். இலக்கங்களைக் குறிமுறையாக மாற்றித்தானே அனுப்புகிறோம் என்று சொல்வார்கள். ஆனால் இரு பக்கமும் ஒரே முறையில் மாற்றி ஒப்பிடுவதால் ஆள் அகப்பட்டுவிடுகிறார். அந்த ஏற்பாட்டின் நோக்கமே அதுதான்.

இவை வெறும் அச்சங்கள் அல்ல. அமெரிக்காவில் மருந்துகளைக் குறைந்த விலைக்கு வாங்க உதவும் குட்ஆர்எக்ஸ் என்ற சேவை, குறிப்பிட்ட மருந்துகளை வாங்கியவர்களின் பட்டியலைத் தயாரித்து, அவர்களின் மின்னஞ்சல்களையும் தொலைபேசி இலக்கங்களையும் பேஸ்புக்கில் ஏற்றியது என்று அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2023 இல் அந்த நிறுவனம் 15 இலட்சம் டொலர் தண்டப்பணம் செலுத்த இணங்கியது. அதே ஆண்டு, இணையவழி உளவள ஆலோசனை வழங்கும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், தன்னிடம் உதவி தேடி வந்தவர்களின் விபரங்களை விளம்பரத்துக்காகப் பகிர்ந்ததாக எழுந்த வழக்கில் 78 இலட்சம் டொலர் கொடுக்க நேர்ந்தது. பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் பயன்படுத்திய ஃப்ளோ என்ற மாதவிடாய்ச் செயலியும், இரகசியமாக வைத்திருப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பேஸ்புக், கூகுள் முதலிய நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்பியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2021 இல் அதே ஆணைக்குழுவுடன் உடன்பாட்டுக்கு வந்தது.

இவை கடல் கடந்த கதைகள் என்று எண்ணவேண்டாம். நான் நோயாளர்களைப் பார்க்கும் தனியார் மருத்துவ நிலையம் ஒன்றுக்கு, விளம்பரம் செய்துதருவதாக ஓர் இளைஞர் வந்தார். நீரிழிவுக் கிளினிக்குக்கு வருவோரின் தொலைபேசி இலக்கங்களைத் தந்தால் பணம் வீணாகாமல் சரியான ஆட்களிடம் விளம்பரத்தைச் சேர்க்கலாம் என்றார். நாங்கள் கொடுக்கவில்லை. அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. எல்லோரும் செய்வதைத்தான் கேட்டார். எனக்குக் கவலை தந்தது அதுதான். எங்களுடைய கிளினிக் கொப்பியைத் தரும்படி ஒருவர் கேட்டால் அது தவறென்று உடனே தெரியும். அதே விபரம் கணினிப் பட்டியலாக இருக்கும்போது அது தவறாகத் தோன்றுவதில்லை.

இதனால் என்ன தீங்கு, ஒரு விளம்பரம்தானே என்று கேட்கலாம். நான் பார்ப்பவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

கருச்சிதைவுக்குப் பின் வரும் பெண்களை எண்ணிப் பாருங்கள். கர்ப்பம் என்று குறித்துக்கொண்ட விளம்பர இயந்திரத்துக்குக் கர்ப்பம் கலைந்ததை எவரும் அறிவிப்பதில்லை. அது தன் கணக்கின்படி மாதங்களை எண்ணிக்கொண்டு தொட்டிலையும் குழந்தைச் சட்டையையும் காட்டிக்கொண்டே இருக்கும். வீட்டிலுள்ளவர்கள் அந்தப் பேச்சையே எடுக்காமல் பார்த்துக்கொள்வார்கள், கைத்தொலைபேசி பார்த்துக்கொள்ளாது.

இரண்டாவது, பால்மா. பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்பதை எங்கள் மருத்துவமாதுக்கள் வீடுவீடாகச் சென்று நிலைநாட்டினார்கள். குழந்தைப் பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச நெறிக்கோவை 1981 இல் வந்தது. இலங்கை அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே தனக்கென ஒன்றை ஏற்படுத்திக்கொண்டது. ஆனால் அந்த நெறிக்கோவை எழுதப்பட்ட காலத்தில் விளம்பரம் என்பது சுவரொட்டியும் பத்திரிகையும் வானொலியும்தான். இன்று அது இரவு இரண்டு மணிக்கு, பிள்ளை அழ, பால் போதவில்லையோ என்று தேடும் தாயின் கைக்கே வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட அறிக்கை, பால்மா நிறுவனங்கள் சமூக ஊடகங்களில் நாளொன்றுக்கு 90 தடவை அளவில் பதிவிடுகின்றன என்றும், அவை 22 கோடி 90 இலட்சம் பயனாளர்களைச் சென்றடைகின்றன என்றும் கணித்தது. தாய் மிகவும் களைத்திருக்கும் வேளையைத் தெரிந்து வருவதால்தான் அந்த விளம்பரத்துக்கு அவ்வளவு வலிமை.

மூன்றாவது, இங்கே முன்வரிசையில் இருக்கும் தங்கைமாருக்கானது. வெள்ளையாக்கும் கிறீம், மெலிய வைக்கும் குளிசை. ஒரு தடவை நின்று பார்த்தால் போதும், பிறகு அது உங்களைத் துரத்தும். அப்படி வாங்கிப் பூசிய கிறீமில் ஸ்டீரொயிட்டோ இரசமோ கலந்திருந்தால், தோல் மெலிந்து, முகம் சிவந்து, சிலவேளை சிறுநீரகம்வரை பாதிப்பு வரலாம். கடையில் வாங்கினால் கடைக்காரரைக் கேட்கலாம். இங்கே யாரைக் கேட்பது?

அதற்காக இணைய விளம்பரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த மண்டபத்தில் வீட்டிலிருந்து மிளகாய்த்தூளும் சத்துமாவும் செய்து விற்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். கேக் செய்பவர்கள், தையல் கடை வைத்திருப்பவர்கள், கல்வி நிலையம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். சில ஆயிரம் ரூபாவோடு கொழும்பிலும் கனடாவிலும் வாடிக்கையாளரைத் தேடிக்கொள்ள இதுவே அவர்களுக்கு வழி. கத்தி சத்திரசிகிச்சைக்கும் வேண்டும், சமையலுக்கும் வேண்டும். பிடிக்கும் ஒழுங்கைத்தான் நாம் கேட்கிறோம்.

சட்டங்களும் மெல்ல வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் இயற்றிய டிஜிட்டல் சேவைகள் சட்டம், சமூக ஊடகம் போன்ற தளங்கள் உடல்நலம் முதலிய உணர்திறன்மிக்க தரவுகளைக் கொண்டு ஆளைக் கணித்து விளம்பரம் காட்டுவதைத் தடைசெய்கிறது. சிறுவர்களை அவ்வாறு கணித்து விளம்பரம் காட்டுவதையும் தடைசெய்கிறது. எமது பாராளுமன்றமும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. உடல்நலத் தரவையும் பிள்ளைகள் பற்றிய தரவையும் அது விசேட வகையாகக் கொள்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நாமாகவே கடைப்பிடிக்கக்கூடிய ஆறு ஒழுங்குகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஒரு தேவைக்கு வாங்கிய தொலைபேசி இலக்கத்தை இன்னொரு தேவைக்குப் பயன்படுத்தக்கூடாது. கேக் கொடுப்பதற்கு வாங்கிய இலக்கம் கேக் கொடுப்பதற்குத்தான். விளம்பரத்துக்கும் வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, நோய், கர்ப்பம், மனத்துயர், கடன் ஆகியவற்றை வைத்து ஆள் தேடக்கூடாது. மருத்துவ நிலையமோ மருந்தகமோ ஆய்வுகூடமோ நடத்துவோர் நேரம் பதிவுசெய்யும் பக்கத்திலும் பரிசோதனை முடிவு பார்க்கும் பக்கத்திலும் பிக்சலைப் பொருத்தக்கூடாது. இணையத்தளம் செய்துதருபவர் கேட்காமலே பொருத்தியிருக்கக்கூடும். ஆகவே விசாரியுங்கள்.

மூன்றாவது, ஆளைத் துரத்துவதைவிட இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். சத்துமா விளம்பரத்தைச் சமையல் பக்கத்தில் போடலாம், ஊரையும் மொழியையும் தெரிவுசெய்யலாம். பெரும்பாலான சிறு வியாபாரங்களுக்கு இதற்குமேல் தேவையில்லை.

நான்காவது, பிள்ளைகளின் படங்கள். பெறுபேறு வந்தவுடன் பிள்ளையின் படம், பெயர், பாடசாலை, புள்ளி எல்லாவற்றையும் போட்டுப் பணம் கட்டிப் பரப்புகிறார்கள். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஐந்தாவது, விளம்பரம் என்றால் விளம்பரம் என்று சொல்லுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒரு கிறீமையோ குளிசையையோ சொந்த அனுபவம்போலப் பேசுவது ஏமாற்று. வைத்தியர்களும் தாதியரும் வெள்ளைக் கோட்டோடு அதைச் செய்வது இரட்டை ஏமாற்று.

ஆறாவது, பணி முடிந்ததும் பட்டியலை அழித்துவிடுங்கள். இல்லாத பட்டியலை எவரும் திருடவும் முடியாது, கேட்கவும் முடியாது.

பார்ப்பவர்களாகிய நாமும் சிலவற்றைச் செய்யலாம். அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியின் அமைப்புகளில் விளம்பர அடையாளத்தை அழிக்கும் வசதி இருக்கிறது. ஐபோனில் 2021 முதல், செயலிகள் உங்களைப் பின்தொடர அனுமதி கேட்கவேண்டும். வேண்டாம் என்று அழுத்துங்கள். கர்ப்பம், பிள்ளை வளர்ப்பு, உடல் எடை குறைத்தல் பற்றிய விளம்பரங்களைக் குறைத்துக்கொள்ளும் வசதியைக் கூகுள் 2022 முதல் தருகிறது. கருவை இழந்த ஒரு பெண் உங்கள் வீட்டில் இருந்தால், ஆறுதல் சொல்வதோடு அவருடைய கைத்தொலைபேசியை வாங்கி இதையும் செய்துகொடுங்கள். இரண்டு நிமிட வேலை.

இறுதியாக, எமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த நூற்றாண்டை ஒட்டி உலகெங்குமுள்ள பழைய மாணவிகளின் விபரங்களைத் திரட்டியிருக்கிறோம். பெயர், படித்த ஆண்டு, வாழும் நாடு, தொழில், தொலைபேசி இலக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன. செயற்குழுவினர் எத்தனையோ இரவுகள் கண்விழித்துச் சேர்த்த செல்வம் அது. அனுசரணை வழங்க வருவோர் அதைக் கேட்கும் நாள் வரும். காணி விற்பவர் கேட்பார், வங்கி கேட்கும், மருத்துவமனையும் கேட்கும். மண்டபத்துக்குக் கூரை போட அவர்கள் தரும் பணம் உதவும் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும், அந்தப் பட்டியலை எவருக்கும் கொடுப்பதில்லை, எந்த விளம்பரத் தளத்திலும் ஏற்றுவதில்லை என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றி யாப்பில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அனுசரணையாளரின் செய்தியை மலரிலே அச்சிடுவோம், பதாகையாகக் கட்டுவோம். அதில் தவறில்லை. பிள்ளைகளின் பெயர்களைக் கல்லூரியை நம்பித்தான் தந்தார்கள். அந்த நம்பிக்கைக்கு விலை போடும் உரிமை எமக்கில்லை.