கோரைப் பைக்கு என்ன விலை?

 

பத்தமடைப் பாய் நமக்குப் புதிதல்ல. நிக்காஹ் வீட்டில் மணமக்கள் பெயர் நெய்த பாய் விரித்தவர்கள் நாம். தாமிரபரணிக் கரைக் கோரையில் நம் லெப்பைப் பெண்கள் நெய்த அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் மணிமுத்தாறு அணையும் அருவியும் பார்க்க வருகிறவர் பாயைச் சுருட்டிக்கொண்டா போவார்? கோரைக் கைப்பை, பர்ஸ் என்றால் வாங்குவார். பட்டுப்பாய் முடிய வாரக்கணக்கில் ஆகும். பர்ஸ் போட்ட காசைச் சீக்கிரம் திருப்பும்.

விலை போடும்போதுதான் கவனம் வேண்டும். பாய், உள்துணி, ஜிப், நூல் எல்லாம் நோட்டில் ஏறுகின்றன. தைத்த நேரம் ஏறுவதில்லை. பீடி சுற்றினால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்கிற நாம், தையல் மிஷினில் குனிந்த பொழுதை இனாமாகக் கொடுக்கிறோம். பாய் வாங்கும்போது நெய்தவரிடமும் பேரம் பேசுகிறோம். கோரையை வெட்டி, கீறி, காயவைத்து, ஆற்றுநீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, அதற்குப் பிறகுதானே அவர் தறியில் உட்காருகிறார்! கூலி கட்டாவிட்டால் அவர் மகள் தறிப்பக்கம் வரமாட்டாள். நமக்குப் பாய் எங்கிருந்து வரும்?

ஓரங்களுக்குத் துணிப்பட்டி வைத்துத் தையுங்கள். மடிப்பில் கோரை முறியும். ஈரமான பை பூஞ்சணம் பிடிக்கும் என்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். மொத்தமாகக் கேட்பவரிடம் முன்பணம் வாங்குங்கள்.

முதலுக்காக வட்டிக்குப் போக வேண்டாம். நம் அறக்கட்டளையில் கர்ளன் ஹஸனா விண்ணப்பம் இருக்கிறது. கணக்கு நோட்டோடு வாருங்கள். உங்கள் கூலி எழுதாத நோட்டைத் திருப்பிக் கொடுத்து, எழுதிவரச் சொல்வோம்.