ஒரு நாவல், ரெண்டு கீபோர்டு

"அந்த நாவல் என்னாச்சு?"ன்னு நிறைய பேர் கேட்டு எழுதியிருந்தீங்க. அதனால இந்த எபிசோட்ல அது மட்டும்தான். புதுசா கேட்கிறவங்களுக்கு ஒரு வரி: நானும் என் காலேஜ் நண்பனும் சேர்ந்து ஒரு நாவல் எழுதிட்டு இருக்கோம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம்தான் களம். ரெண்டு வருஷம் ஆச்சு. திட்டம் போட்ட 19 அத்தியாயத்துல 14 முடிஞ்சிருக்கு.

சேர்ந்து எழுதுறோம்னு சொன்னதும் எல்லாரும் கேட்கிறது, "யார் யோசிக்கிறது, யார் எழுதுறது?" நம்ம ஊர்ல இதுக்குத் தெரிஞ்ச உதாரணம் சுபா. சுரேஷ், பாலகிருஷ்ணன்னு ரெண்டு பேர். எங்க அம்மா பல வருஷம் சுபான்னா ஒரு பெண் எழுத்தாளர்னு நினைச்சே படிச்சிருக்காங்க. அமெரிக்காவுல எல்லரி குவீன். அதுவும் ஒரு ஆள் இல்ல. ஃப்ரெடரிக் டானே, மான்ஃப்ரெட் லீன்னு ரெண்டு கசின்ஸ். 1929-ல முதல் நாவல் வந்துச்சு. பெரும்பாலும் டானே கதையோட முழு அமைப்பையும் விரிவா எழுதிக் கொடுப்பார், லீ அதை நாவலாக்குவார். கேட்க சுத்தமான ஏற்பாடு மாதிரி இருக்கில்ல? ஆனா அவங்க ரெண்டு பேரும் எழுதிக்கிட்ட கடிதங்கள் பின்னாடி புத்தகமா வந்துச்சு. சண்டைன்னா அப்படி ஒரு சண்டை. ஒருத்தர் டிசைன் டாக்குமென்ட் எழுத, இன்னொருத்தர் கோடு அடிக்கிற டீம்ல இருந்தவங்களுக்கு ஆச்சரியமே இருக்காது.

ரஷ்யாவுல இல்ஃப், பெத்ரோவ் வேற மாதிரி. 1928-ல வந்த 'பன்னிரண்டு நாற்காலிகள்' அவங்களோடது. பக்கத்துல பக்கத்துல உக்காந்து வாக்கியம் வாக்கியமா எழுதினாங்க. ஒரே வார்த்தை ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தோணிச்சுன்னா, அது யாருக்கு வேணா தோணக்கூடியதுன்னு தூக்கிப் போட்டுடுவாங்களாம். நாங்களும் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால்ல இப்படி முயற்சி பண்ணோம். மூணு மணி நேரத்துல ஒரு பத்தி. அதுவும் மழை பெய்யுறதைப் பத்தி.

அப்புறம் நமக்குத் தெரிஞ்ச வழிக்கே வந்தோம். கிட். ஆளுக்கு ஒரு பிராஞ்ச், ஆளுக்கு ஒரு அத்தியாயம், முடிச்சதும் மாத்தி ரிவ்யூ. யாராவது முயற்சி பண்ணப் போறீங்கன்னா ஒரு விஷயம்: கிட் வரி வரியாத்தான் பார்க்கும். ஒரு பத்தியை ஒரே வரியா விட்டீங்கன்னா, ஒரு கமா மாறினாலே முழுப் பத்தியும் மாறினதா காட்டும். அதனால வாக்கியத்துக்கு ஒரு வரின்னு வச்சுக்கோங்க. இன்னொண்ணு, கிட் பிளேம் பக்கம் போகாதீங்க. எந்த வரி யாரோடதுன்னு அது சொல்லிடும். நாவல்ல அது தெரியவே கூடாது.

மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்டை சரி பண்ணிடலாம். ஏழாவது அத்தியாயத்தைத்தான் பண்ண முடியல. அவன் எழுதினது. அவன் அப்பாவுக்கு சைதாப்பேட்டையில டெய்லர் கடை இருந்துச்சு. அடையாறு உள்ள வந்த ராத்திரி, தைக்கக் கொடுத்த துணி மொத்தமும் நனைஞ்சுடுச்சு. கல்யாண ஜாக்கெட், ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம். ஒவ்வொண்ணுலயும் பேர் எழுதி குத்தியிருந்த துண்டுச்சீட்டுல மை கரைஞ்சு போச்சு. அவர் எல்லாத்தையும் அலசி, மொட்டை மாடியில கொடி கட்டிக் காயப் போட்டு, ஆளுங்க வந்து அடையாளம் சொல்லி எடுத்துட்டுப் போக பத்து நாள் காத்திருந்தாரு. அவர் இப்ப இல்ல.

அந்த அத்தியாயம் 4,000 வார்த்தை. கதை அங்க நின்னுடுதுன்னு எனக்குத் தோணிச்சு. பாதியா குறைக்கலாம்னு கமென்ட் போட்டேன். "சரி"ன்னு ஒரு பதில் வந்துச்சு. அப்புறம் மூணு வாரம் ஒண்ணுமே இல்ல. போன் எடுக்கல. கிரிக்கெட் மீம் அனுப்பினா கூட ப்ளூ டிக் மட்டும்தான்.

நான் கமென்ட்டை எடுக்கல. இப்பவும் அந்த இடம் மெதுவாத்தான் போகுதுன்னு நினைக்கிறேன். நாலாவது வாரம் அவனே கூப்பிட்டான். ஹலோ கூட சொல்லல, "கேளுடா"ன்னு சொல்லிட்டு மொத்தத்தையும் வாசிச்சான். முப்பது நிமிஷம் இருக்கும். நடுவுல ரெண்டு இடத்துல அவனே நிறுத்தி, "இது வேணாம்"னான். கிட்டத்தட்ட 1,200 வார்த்தை போச்சு. நான் முதல்ல வெட்டச் சொன்ன, அவர் ஒவ்வொரு சீட்டையும் திரும்ப எழுதுற பத்தி மட்டும் அப்படியே இருக்கு. அதை வாசிக்கும்போது அவன் குரல் மாறுச்சு. நான் ஒண்ணும் சொல்லல.

அதுக்கப்புறம்தான் ஒரு ஒப்பந்தம் எழுதினோம். சட்டத்தையும் பார்த்தோம். 1957-ஆம் வருஷத்து காப்புரிமைச் சட்டப்படி, ஒருத்தர் பங்கு இன்னொருத்தர் பங்குல இருந்து பிரிச்சுக் காட்ட முடியாதபடி சேர்ந்து எழுதினாத்தான் அது கூட்டுப் படைப்பு. ரெண்டு பேர்ல கடைசியா சாகிறவர் இறந்து 60 வருஷம் வரை உரிமை இருக்கும். இதை வாசிச்சுட்டு, "அப்ப நீ முதல்ல போ"ன்னான். மூணு வாரத்துக்கு அப்புறம் நாங்க சிரிச்சது அன்னைக்குத்தான். ஒப்பந்தத்துல ஒரு வரி நான் கேட்டு சேர்த்தது: யாராவது விலகினா, ஏழாவது அத்தியாயம் அவனோடது மட்டும்.

அட்டையில யார் பேர் முதல்லன்னு இன்னும் முடிவாகல. முடிவும் முடிவாகல. கடை திரும்பத் திறக்கணும்னு அவன் சொல்றான். நிஜத்துல திறக்கல, நாவல்லயும் திறக்கக் கூடாதுன்னு நான் சொல்றேன். ஞாயிற்றுக்கிழமை கால் இருக்கு. ரெண்டு பேரும் தனித்தனியா கடைசி அத்தியாயத்தை எழுதிட்டு வர்றதா பேச்சு. என்னோடது ரெடி. அவன் பிராஞ்ச்ல நேத்து ராத்திரி 2 மணிக்கு ஒரு கமிட் விழுந்திருக்கு. நான் இன்னும் திறக்கல.