நீர்க் கடமையும் மகளிர் உரிமையும்



பெண்களுக்கெதிரான எல்லா வகைப் பாரபட்சங்களையும் ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை அரசு 1981ஆம் ஆண்டில் ஏற்று உறுதி செய்தது. இதெல்லாம் நகரத்து வழக்கறிஞருக்கு உரிய சங்கதி என்று நாம் ஒதுக்கிவிடுகின்றோம். ஆனால் அதன் 14ஆம் உறுப்புரை கிராமத்துப் பெண்களுக்கென்றே எழுதப்பட்டது. தண்ணீர் வசதி பெறும் உரிமையும், காணிச் சீர்திருத்தத்திற் சமமாக நடத்தப்படும் உரிமையும் அங்கே ஒன்றாகவே கூறப்பட்டுள்ளன. இது தற்செயலன்று என்பது என் எண்ணம்.

ஏனெனில் நம் நாட்டிலே நீர் காணியைப் பின்தொடர்ந்தே செல்கின்றது. இரணைமடு போன்ற பெருங்குளங்களின் நீரை எப்போது திறப்பது, எவ்வளவு நிலத்துக்குப் பாய்ச்சுவது என்பன போகந்தோறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகின்றன. அங்கே காணிக்காரரின் சொல்லே ஏறும். காணிக்காரர் யார்? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, அரச காணி பெற்றவர் பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காது இறந்தால், வரிசையில் மகன் முன்னே நின்றான்; மகள் பின்னே நின்றாள். இவ்வேற்றுமையை நீக்கும் திருத்தம் 2022ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. உறுதிமொழிக்கும் திருத்தத்துக்கும் இடையே 41 ஆண்டுகள்! 1981இல் பிறந்த பெண்மகவு அதற்குள் தானே தாயாகித் தன் மகளை உயர்தர வகுப்புக்கு அனுப்பியிருப்பாள்.

குளத்து நீரை நம்பாத யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை வேறு. அங்கே வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புப் பாறையினூடே இறங்கி, உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். துலா மிதித்த காலத்திலே மனிதன் களைத்ததும் கிணறும் ஓய்ந்தது. நீரிறைக்கும் இயந்திரமோ களைப்பதில்லை. நிலத்தடி நீரிற் பெரும்பங்கு தோட்டங்களுக்கே செல்லவும், சிக்கனம் பற்றிய அறிவுரை மட்டும் அடுக்களையிலே ஒரு செம்பு நீரை மிச்சம்பிடிப்பவளுக்குச் சொல்லப்படுகின்றது. இஃது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. ஆனி, ஆடி மாதங்களில் வகுப்புக்குப் பிந்தி வரும் மாணவியரைக் கேட்டால், “அம்மாவோடு தண்ணீருக்குப் போனேன், சேர்” என்பார்கள். ஆண்பிள்ளைகள் அவ்வாறு கூறியதை நான் அரிதாகவே கேட்டிருக்கின்றேன்.

அச்சமவாயத்தின் 18ஆம் உறுப்புரைப்படி, அரசு குறைந்தது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஐக்கிய நாடுகளுக்கு அறிக்கையிடல் வேண்டும். எத்தனை கிணறு தோண்டினோம், எத்தனை குழாய் இட்டோம் என்பது மட்டும் கணக்காகாது. நீரைப் பங்கிட்ட கூட்டங்களிலே எத்தனை பெண்கள் காணிக்காரராக அமர்ந்தனர் என்பதையும் அதில் எழுதல் வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும் அக்கணக்கு முதலிற் கமநல சேவை நிலையத்தின் அறிவித்தற் பலகையில் ஒட்டப்படட்டும். ஒட்டாவிடின், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தக் குடிமகளும் அதனைக் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அதிகாரி 14 வேலை நாள்களுக்குள் அறிவித்தல் வேண்டும். அடுத்த போகத்துக் கூட்டத்துக்கு முன்பே அவ்விண்ணப்பம் போய்ச் சேரட்டும்.